துண்டில்லாமல் சாமான் கொடுக்காதவர்

மனேஜர் இருந்தார். காற்றாடிக்கு நேரே, மேசைக்குப் பின்னால். டைப் அடிக்கிற பிள்ளை இருந்தா, மடியில் விசாரணைக் கொப்பி. லாஞ்சி ஓட்டுகிற மாஸ்டர் இருந்தார். வாசல் காவல்காரர் இருந்தார். ஸ்டோர் கூலி நான் இருந்தேன். ஸ்டோர்கீப்பர் இருந்தார். ஆறு பேர். கதிரை ஐந்து. ஸ்டோர்கீப்பர் நின்றார்.

அது முதல் விசாரணை. வேலை நேரத்தில் குடித்திருந்தார் என்று அவர்மேல் குற்றம்.

அவர் குடிக்காதவர். அது எனக்குத் தெரியும். மாஸ்டருக்கும் தெரியும். காவல்காரருக்கும் தெரியும். மனேஜருக்கும் தெரிந்திருக்கும்.

எங்களுடையது மூதூருக்கு லாஞ்சி விட்ட கம்பனி. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் ஒரு மூலையில் எங்கள் ஸ்டோர். கயிறு, பெயின்ற், கிறீஸ், லாம்பு, மிதவைச் சட்டை, டீசல். சண்டைக் காலம். ஒரு கான் டீசல் கணக்கில் குறைந்தால் ஆமி ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். எல்லாவற்றுக்கும் திறப்புக் கொத்து ஸ்டோர்கீப்பர் இடுப்பில்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. யாராவது எழுதிக் கையெழுத்து வைத்த துண்டு வந்தால்தான் சாமான் வெளியில் போகும். துண்டு இல்லையென்றால் இல்லை. தெரிந்தவர், தெரியாதவர் பேச்சே இல்லை.

எனக்கு எழுத வராது. இரண்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். சல்லிக் கிராமத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். முதல் நாள் கை கழுவச் சவுக்காரம் கேட்டேன்.

"துண்டு" என்றார்.

"எனக்கு எழுதத் தெரியாது அண்ணை."

"கீறத் தெரியுமோ?"

சவுக்காரக் கட்டி ஒன்றைத் தாளில் படமாகக் கீறிக் கொடுத்தேன். கீழே பெருவிரல் அடையாளம் வைக்கச் சொன்னார். திகதியைத் தானே போட்டார். கம்பியில் குத்தினார். பிறகு சவுக்காரம் தந்தார்.

பதினொரு வருசம் அப்படித்தான். விளக்குமாறு வேண்டுமென்றால் விளக்குமாறு கீறினேன். லாம்பு வேண்டுமென்றால் லாம்பு. ஒரு தரம் எலிப்பொறி கீறினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன, பள்ளிக்கூடமோ?" என்றார். எல்லாத் துண்டையும் அலுமாரியில் கட்டிக் கட்டி வைத்திருந்தார். என்னுடைய கட்டு தனி.

ஒரு நாள் யூனிபோமில் ஓர் அதிகாரி வந்தார். பின்னால் துவக்கோடு இரண்டு பேர். ஐம்பது பாகம் நைலோன் கயிறு உடனே வேண்டும் என்றார். இவர் துண்டு கேட்டார். சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். நான் கிறீஸ் பீப்பாவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"யாரிடம் கேட்கிறாய் தெரியுமா?" என்றார் அதிகாரி.

"தெரியாது. அதுதான் கேட்கிறேன். பெயர் எழுதினால் தெரியும்" என்றார் இவர்.

அதிகாரி சட்டைப்பையைத் தடவினார். பிறகு சிகரெட் பெட்டியைக் கிழித்து எழுதினார். இவர் வாங்கிப் பார்த்து, "திகதி" என்று திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு கையையும் விரித்துப் பாகம் பாகமாகக் கயிற்றை அளந்து கொடுத்தார். ஐம்பது பாகம். ஒரு சாண் கூடவுமில்லை, குறையவுமில்லை. அவர்கள் போன பிறகு நான் வெளியே வந்தேன்.

"உங்களுக்குப் பயமில்லையே அண்ணை?"

"பயம்தான். அதுக்காகத் துண்டில்லாமல் குடுக்கிறதோ?"

இன்னொரு பழக்கமும் அவருக்கு. தன் கண்ணால் காணாததற்குக் கையெழுத்து வைக்கமாட்டார். கொழும்பிலிருந்து பெட்டி வந்தால் கொண்டுவந்த ஆளுக்கு முன்னால்தான் உடைப்பார். அவன் எண்ண வேண்டும். இவர் எண்ண வேண்டும். இலக்கத்தில் ஒரு தரம், எழுத்தில் ஒரு தரம் எழுதுவார். இலக்கத்துக்குப் பின்னால் எவனும் ஒரு பூச்சியம் போடுவான், எழுத்துக்கு ஏலாது என்பார்.

முகம் சிவக்கத் தொடங்கியது எப்போது என்று எனக்குத் தெரியாது. நான் முதலில் கண்டது ஒரு மத்தியானம். சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். காது சிவந்தது. பிறகு கன்னம், கழுத்து, நெஞ்சு. பீட்ரூட் நிறம். கண்ணில் தண்ணீர். மூச்சு விசில் அடித்தது. பத்து நிமிசத்தில் எல்லாம் போனது. எழும்பிக் கக்கூசுக்கு ஓடினார்.

பிறகு அடிக்கடி வந்தது. சில நாள் சும்மா இருக்கும்போதே வந்தது. காவல்காரர் பகிடி பண்ணினார்.

"என்ன அண்ணை, காலமையே தொடங்கிட்டியளோ? எங்களுக்கும் ஒரு சொட்டுத் தரலாம்தானே?"

"துண்டு கொண்டா" என்றார் இவர்.

அப்போது சிரித்தோம்.

மனேஜரின் கதை வேறு. ஒரு பின்னேரம் அவர் ஸ்டோருக்கு வந்தார். இரண்டு கான் டீசல் கேட்டார். ஆருக்கு என்று சொல்லவில்லை. துண்டும் எழுதவில்லை.

"பிறகு எழுதித் தாறன்" என்றார்.

"பிறகு தாறன்" என்றார் இவரும்.

மனேஜர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். டீசல் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போயிருக்கும். எரிபொருள் கணக்குப் பார்க்க அரச ஆட்கள் வந்தார்கள். கணக்கு ஒரு போத்தல்கூடப் பிசகவில்லை. அவர்கள் முன்னால் நிற்கும்போதே இவருக்கு முகம் சிவந்தது. தலை சுற்றிக் கதவைப் பிடித்தார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மனேஜர் உடனே சொன்னார். "மன்னிக்க வேணும். ஆள் குடிகாரன்."

அதுதான் விசாரணை. முதலாளி கொழும்பில். ஓர் ஆளை வேலையால் நிறுத்துவதென்றால் விசாரணைக் கொப்பி அவரிடம் போக வேண்டும்.

மனேஜர் என்னைத்தான் முதலில் கேட்டார்.

"முகம் சிவந்ததோ?"

"ஓம்."

"தள்ளாடினவரோ?"

"கதவைப் பிடிச்சவர்."

"காணும், அவ்வளவும் எழுது பிள்ளை."

டைப் அடிக்கிற பிள்ளை எழுதினா. சாராயம் மணத்ததோ என்று மனேஜர் கேட்கவில்லை. மணக்கவில்லை என்று நானும் சொல்லவில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள். அன்புவழிபுரத்தில் வாடகை வீடு. அப்போது அதைத்தான் நினைத்தேன். வாய் ஒரு சொல்லுக்குத் திறந்து மூடியது. அதை ஸ்டோர்கீப்பர் கண்டார்.

மனேஜர் ஒரு தாளை நீட்டினார். "வேலை நேரத்தில் மது அருந்தியிருந்தேன், இனிச் செய்யமாட்டேன். இதில ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். வேலையில இருக்கலாம்."

இவர் வாசித்தார். முழுவதும் வாசித்தார். கீழே வைத்தார்.

"நடக்காததுக்குக் கையெழுத்து வைக்க ஏலாது."

"வைக்காட்டி வேலை இல்லை."

"அதை எழுதித் தாங்கோ."

மாஸ்டர்தான் நடுவில் வந்தார். "ஆஸ்பத்திரியில காட்டட்டும் ஐயா. நோய் வருத்தம் எண்டால் கடிதம் தருவினம்தானே." மனேஜர் சரி என்றார். நாற்பது நாள் தந்தார். கடிதம் வராதென்றுதான் அவர் நினைத்திருப்பார்.

வெளியே வந்து ஸ்டோர்கீப்பருக்குப் பின்னால் நடந்தேன்.

"கண்டதைச் சொன்னனீ" என்றார். "காணாததைச் சொல்லேல்லத்தானே. நட."

அடித்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

ஊர் ஆஸ்பத்திரியில் வயிற்றை ஸ்கான் பண்ணினார்கள். ஈரலில் புள்ளி புள்ளியாக இருந்தது. ஒரு நாள் முழுவதும் போகிற மூத்திரத்தைச் சேர்த்துக் கண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பெரிய மண்ணிறக் கண்ணாடிப் போத்தல் ஒன்று தந்தார்கள். வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய் மூன்று நாளுக்கு ஆகாது. காலமை முதல் போகிறதை ஊற்றிவிட வேண்டும், அடுத்த நாள் காலமை போகிறதைச் சேர்க்க வேண்டும். இதில்தான் எல்லோரும் பிழை விடுவார்கள் என்று நேர்ஸ் இரண்டு தரம் சொன்னா.

"விளங்குது. முதலாவது நேற்றைய இருப்பு" என்றார் இவர்.

அவர் பிழை விடவில்லை. நான் விட்டேன்.

எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம். உள்ளே வருகிற எந்த வெறும் பாத்திரமும், கானோ போத்தலோ, மூன்று தரம் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்த பிறகுதான் தட்டில் ஏறும். அவர் வைத்த வழக்கம்தான். அந்தப் போத்தலை மத்தியானம் மேசையில் வைத்துவிட்டு டீசல் பக்கம் போனார். நான் மூடியைத் திறந்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர்போல ஏதோ கிடந்தது. மூக்கைக் குத்தியது. ஊத்தை என்று நினைத்துச் சுவரடியில் ஊற்றினேன். சீமெந்து நுரைத்தது. மூன்று தரம் கழுவினேன். கவிழ்த்தேன். காய்ந்ததும் மூடி, எடுத்த இடத்தில் வைத்தேன்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சேர்க்கிற நாளில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போத்தல் குசினி மூலையில் ஈரச் சாக்குக்குள் நின்றது. சுவரில் ஆகாத சாப்பாடுகளின் பட்டியலை ஒட்டியிருந்தார். எத்தனை மணிக்குப் போனது என்றும் கீழே எழுதியிருந்தார்.

"பாத்தியே தம்பி, இதுக்கும் கணக்கு" என்றா அக்கா.

அடுத்த நாள் கண்டி பஸ் எடுத்தோம். லீவு போட்டுக்கொண்டு நானும் போனேன். அவர் வரச் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. தம்பலகாமத்துச் சோதனைச் சாவடியில் ஒரு தரம் இறங்கி நடந்தோம். கந்தளாயில் ஒரு தரம். அன்றைக்குப் போத்தலை யாரும் கவனிக்கவில்லை.

கண்டியில் ஆய்வுகூடத்து ஆள் ஒரு கடதாசித் துண்டைப் போத்தலுக்குள் தோய்த்துப் பார்த்தார்.

"இதுக்குள்ள அசிட் இருந்ததே. எங்க?"

இவர் என்னைப் பார்த்தார்.

"கழுவினனியோ?"

"ஓம் அண்ணை."

"எத்தினை தரம்?"

"மூண்டு."

"கவிட்டு வைச்சனியோ?"

"ஓம்."

முகம் சிவந்து வந்தது, கோபமில்லை, வருத்தத்தின் சிவப்புத்தான். போய் முடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"சரியாத்தான் செய்திருக்கிறாய். நான் சொன்னபடிதான் செய்திருக்கிறாய்."

அசிட் இல்லாமல் பார்த்தால் எண் பிழைத்துப்போகும் என்றார்கள். திரும்பச் சேர்க்க வேண்டும். நாற்பது நாளில் பதினாறு போயிருந்தது.

வந்ததற்கு டொக்டரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள். யாழ்ப்பாணத்துப் பெண். கண்ணாடி போட்டவ. வயிற்றை அமத்திப் பார்த்தா. முகம் சிவக்கிறதைப் பற்றி நிறையக் கேட்டா. பிறகு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டா.

"குடலில ஒரு கட்டி இருக்கும் எண்டு நினைக்கிறன். அது ஈரலுக்குப் பரவியிருக்கு. அந்தக் கட்டி ஒரு சாறு விடுது. அதாலதான் சிவக்குது."

"ஏன் விடுது?"

"ஐயா, விளங்கப்படுத்திறது கஷ்டம்."

"நேரம் இருக்குது. பஸ் இரண்டு மணிக்குத்தான்."

அவ ஒரு தாளை எடுத்து வட்டம் கீறினா. உள்ளே சின்னச் சின்னக் கட்டுகள் கீறினா.

"உடம்பில இருக்கிற ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் ஒரே புத்தகம் இருக்கு. கண்ணில இருக்கிற கலத்திலயும் அதுதான், குடலில இருக்கிறதிலயும் அதுதான். ஒவ்வொரு பக்கத்திலயும் ஒரு சாமான் செய்யிற முறை எழுதியிருக்கு. அதை மரபணு எண்டு சொல்லுவினம். கண் தனக்கு வேண்டின பக்கத்தை மட்டும் வாசிக்கும். மிச்சம் மடிச்சுக் கட்டிக் கிடக்கும்."

இவர் தாளைப் பார்த்தார். "அப்ப எல்லா ஸ்டோரிலயும் எல்லாச் சாமானும் இருக்குது."

"ஓம்."

"துண்டு வாற சாமான் மட்டும்தான் வெளியில போகும்."

அவ பேனையை வைத்தா. "துண்டோ?"

இவர் தன் வேலையைச் சொன்னார். அவ முழுவதும் கேட்டா.

"ஓம் ஐயா. அப்பிடித்தான். சாப்பாடு வந்தால் குடலில சில கலத்துக்குத் துண்டு வரும். கொஞ்சம் சாறு விடும். துண்டு நிண்டால் சாறும் நிக்கும். மிஞ்சிப் போறதை ஈரல் மறிச்சு அழிச்சுப்போடும். ஈரல் வாசல் கேற் மாதிரி. உங்களுக்கு அந்தக் கலம் பெருகிக் கேற்றையும் தாண்டிட்டுது. துண்டில்லாமல் விடுது. ஆர் கேட்டாலும் விடுது, கேக்காட்டியும் விடுது."

"புத்தகத்தில பிழையோ?"

"சில கட்டியளில எழுத்துப் பிழை இருக்கும். இப்பிடியான கட்டியளில அப்பிடிப் பெரிசாக் காணக் கிடைக்கிறேல்ல. எழுத்து அப்பிடியே இருக்கு. மடிச்சுக் கட்டின கட்டுத்தான் அவிண்டிட்டுது எண்டு சில பேர் நினைக்கினம்."

"கட்டுறது ஆர்? அவிட்டது ஆர்?"

"தெரியாது ஐயா. ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. தேடுகினம்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்தது. எனக்குத் தெரிந்தது. தாளைத் தரச் சொன்னார். கையெழுத்தும் திகதியும் போடச் சொன்னார். அவ சிரித்துக்கொண்டு போட்டா.

பிறகுதான் எண்ணைப் பற்றிச் சொன்னா. அந்தச் சாறு உடைந்து மூத்திரத்தில் போகும். ஒரு நாளைக்கு எட்டு மில்லிகிராம் வரைக்கும் எல்லோருக்கும் போகும். இருபத்தைந்துக்கு மேலே போனால் இந்த வருத்தம்தான். அதற்கு மேலே கூடக்கூட, ஈரலில் கட்டியும் கூடுதல்.

"குடிச்சால் கூடுமோ?"

"குடிக்கிறதால அந்த அளவுக்குக் கூடாது."

"அதை எழுதித் தருவியளோ?"

"எண் வரட்டும். கீழ எழுதி விடுறன்."

படியில் இறங்கும்போது அவர் கதைத்துக்கொண்டே வந்தார். வழக்கமாகக் கதைக்காத ஆள்.

"தெரியாததைத் தெரியாது எண்டு சொன்னா பாத்தியே. காணாததுக்குக் கையெழுத்து வைக்கேல்ல." இரண்டு படி கழித்து நின்றார். வயிற்றில் கை வைத்தார். "பதினேழு வருசமா ஒரு ஆணி துண்டில்லாமல் விடேல்ல. என்ர வயித்துக்குள்ள பார், ஒரு கள்ள ஸ்டோர்கீப்பர்."

வீட்டில் அக்கா கேட்டா. இவர் சொன்னார், மறைக்காமல். அக்கா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினா.

"அப்ப எண் குறைய வரவேணும்" என்றா. "அம்மாளாச்சிக்கு நேர்ந்து வைக்கிறன். எட்டுக்குள்ள வரட்டும்."

"எட்டுக்குள்ள வந்தால் நான் குடிகாரன்."

"குடிகாரனா இருங்கோ. ஊர் சொல்லட்டும். அந்தத் தாளில கையெழுத்து வைச்சுப்போட்டு உசிரோட இருங்கோ."

"கையெழுத்து வைச்சால் கட்டி போயிடுமோ?"

அக்கா அகப்பையைக் கீழே போட்டா. "உங்களுக்கு எல்லாம் கணக்கு. எனக்கு ஒரு மனிசன்தான்."

அவர் குனிந்து அகப்பையை எடுத்தார். நான் முற்றத்தில் நின்றேன். அக்கா சொல்வதும் சரி என்று பட்டது. அவர் சொல்வதும் சரி. அவருக்குப் பெரிய எண் வேண்டும். அக்காவுக்குச் சின்ன எண் வேண்டும். எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாம் தரம் போத்தலை நான் தொடவில்லை.

அந்த முறைதான் மறித்தார்கள். தம்பலகாமத்துக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தவர்களைச் சிப்பாய் ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொன்னான். அது அப்போது வழக்கம். இவர் பனையோலைப் பையைத் திறந்தார். சிப்பாய் போத்தலைத் தூக்கினான். மூடியைத் திறந்தான். அசிட் மணம் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். ஒரு அடி பின்னால் போனான்.

"குடித்துக் காட்டு" என்றான் சிங்களத்தில்.

"இது என்னுடைய மூத்திரம்" என்றார் இவர் சிங்களத்தில்.

வரிசையில் ஒரு மனுசி வாயைப் பொத்தினா. சிப்பாய்க்குக் கோபம் வந்தது. பகிடி என்று நினைத்தான். துவக்கை நேரே பிடித்து மேலதிகாரியைக் கூப்பிட்டான். அப்போது பார்த்து முகம் சிவக்கத் தொடங்கியது. காது, கன்னம், கழுத்து. பயந்து குற்றம் மறைக்கிறவனின் முகம் அப்படித்தான் இருக்கும்.

மேலதிகாரி வந்தார். இளம் ஆள். ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாசித்தார். இவருடைய முகத்தைப் பார்த்தார்.

"பயப்படுகிறாயா? குடித்திருக்கிறாயா?"

"இரண்டும் இல்லை. இந்தச் சிவப்பு ஏன் என்று பார்க்கத்தான் இந்தப் போத்தல்."

"அசிட் கொண்டுபோக முடியாது. கொஞ்சம் ஊற்றிப் பார்க்க வேண்டும்."

"ஊற்றினால் கணக்குப் பிழைக்கும். ஒரு நாள் முழுவதும் சேர்த்தது. வேண்டுமென்றால் என்னை இங்கே வையுங்கள். போத்தல் இவனோடு போகட்டும்."

அதிகாரி சிப்பாயிடமிருந்து போத்தலை வாங்கினார். இவர் விட்டிருக்கலாம். விடவில்லை.

"ஊற்றத்தான் வேண்டுமென்றால் ஊற்றுங்கள். எவ்வளவு ஊற்றினீர்கள் என்று ஒரு துண்டு தாருங்கள். கையெழுத்தோடு."

பஸ்காரர் தலையில் கை வைத்தார். நான் கடவுளே என்றேன். அதிகாரி போத்தலைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். அவருடைய வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா என்று எனக்குத் தெரியாது. மூடியைத் தானே இறுக்கினார். பேனையை எடுத்துப் போத்தல் லேபிளில் 'பார்க்கப்பட்டது' என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். இவர் வாங்கிப் பார்த்தார்.

திகதி கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏற்றினேன். கந்தளாய் தாண்டும்வரைக்கும் முறைத்துக்கொண்டு வந்தார். "திகதி இல்லாத துண்டு என்ன துண்டு?" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் இரண்டு வருசமும் நான்கு மாதமும் ஸ்டோரில் இருந்தார். கடைசி மூன்று மாதம் கதிரையில் இருந்துதான் வேலை. ஊசி போட மாதம் ஒரு தரம் கண்டிக்குப் போவார். டொக்டர் அம்மா கீறிய படம் அலுமாரியில் என்னுடைய துண்டுக் கட்டோடு இருந்தது. எலிப்பொறிக்கு மேலே. திறப்பை ஒப்படைக்கிற நேரம் புது ஆளை நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் எண்ணினார். நான்கு நாள் எடுத்தது. ஓர் ஆணி குறையவில்லை. புது ஆளிடம் ஒன்றுதான் சொன்னார். "இவன் கீறித் தருவான். பெருவிரல் வைச்சால் குடு."

அதெல்லாம் பிறகு. இரண்டாவது விசாரணை முப்பத்தெட்டாம் நாள். அதே ஆறு பேர். கதிரை ஐந்து. இந்த முறை நான் எழும்பி நின்றேன். அவரை இருக்கச் சொன்னேன். அவர் இருந்தார்.

கண்டியிலிருந்து வந்த கடித உறையை ஊர் ஆஸ்பத்திரியில் முதல் நாள்தான் எடுத்திருந்தார். உடைக்கவில்லை. அக்கா இரவு முழுக்கக் கெஞ்சினாவாம், உடைத்துப் பார்க்கச் சொல்லி. பெட்டியை எல்லோருக்கும் முன்னால்தான் உடைக்க வேண்டும் என்றாராம். உறையை மேசையில் வைத்தார்.

"நான் இன்னும் பார்க்கேல்ல. நீங்களே உடையுங்கோ."

மனேஜர் தொடவில்லை. டைப் அடிக்கிற பிள்ளையிடம் தள்ளினார்.

"ஒரு சொல்லு இருக்கு" என்றேன் நான். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அண்டைக்கு அண்ணையில மணக்கேல்ல. நான் பக்கத்தில நிண்டனான். ஒரு மணமும் இல்லை."

மனேஜர் திரும்பினார். "அண்டைக்கு ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்ல. நானும் பயத்தில சொல்லேல்ல. டீசல் கான் கேட்டு வந்த அண்டைக்கும் நான்தான் பக்கத்தில நிண்டனான். அதையும் எழுதுங்கோ."

மாஸ்டர் இருமினார். காவல்காரர் கூரை மோட்டைப் பார்த்தார். மனேஜரின் முகம் சிவந்தது. அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

டைப் அடிக்கிற பிள்ளை உறையைக் கிழித்தா. ஒரே தாள். மேலே இருந்து வாசித்தா. பெயர், வயது, போத்தலின் அளவு. எட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வாசித்தா. பிறகு நின்றா. அவரைப் பார்த்தா.

"வாசி பிள்ளை" என்றார் அவர்.

வாசித்தா. கீழே டொக்டர் அம்மா எழுதியிருந்ததையும் வாசித்தா. இது வருத்தத்தால் வந்த சிவப்பு, மதுவால் வந்தது அல்ல.

மாஸ்டர் அவருடைய தோளில் கை வைத்தார். எண் எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் விளங்கியது. நான் அக்காவை நினைத்தேன்.

அவர் எழும்பினார். மேசைக்குக் கிட்டப் போனார். முகத்தில் சிவப்பு இல்லை. சாதாரண முகம்.

"கொப்பியில ஏத்து பிள்ளை. இது கொழும்புக்குப் போகவேணும்."

அவ இலக்கத்தில் எழுதினா. அவர் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இலக்கம் காணாது. எழுத்திலயும் எழுது. மனேஜர் ஐயா கீழ கையெழுத்து வைக்கட்டும்."

மனேஜர் பேனையை எடுத்தார். டைப் அடிக்கிற பிள்ளை இலக்கத்துக்குப் பக்கத்தில் பேனையை வைத்தா. அவர் பக்கத்தில் நின்று, பெட்டி எண்ணும்போது சொல்கிற அதே குரலில், ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

தொண்ணூற்றாறு.